கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றுடன் வர வேண்டுமா? இதய நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

இரத்தக் கொழுப்புக் கோளாறுகளுக்கான தனது முதல் வழிகாட்டு நெறிமுறைகளை இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலை மாதத்தில் வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை மருத்துவர்களுக்கானவை. ஒரு பரிந்துரை மட்டும் நோயாளியின் காலைப் பொழுதை நேரடியாகத் தொடுகிறது. இதய நோய்க்கான அபாயத்தைக் கணிக்கவும் சிகிச்சையைத் தீர்மானிக்கவும் உணவு உண்ட நிலையில் எடுக்கப்படும் கொழுப்புப் பரிசோதனையே போதுமானது என்பதே அப்பரிந்துரை. டென்மார்க் நாட்டில் 2009 முதலே இம்முறை நடைமுறையில் உள்ளது. ஐரோப்பியப் பெருந்தமனித் தடிப்புச் சங்கமும் அங்குள்ள ஆய்வக மருத்துவ அமைப்பும் இணைந்து 2016இல் இதே கருத்தை அறிவித்தன.

எனினும் நம் ஊர்களில் ‘12 மணி நேரம் எதுவும் உண்ணாமல் வரவும்’ என்னும் குறிப்பு பல ஆய்வகச் சீட்டுகளில் இன்றும் அச்சிடப்பட்டே வருகிறது. பழைய வழக்கம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட இயலாது. காரணத்தை ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அரசு மருத்துவமனையில், இரத்தம் எடுக்கும் வரிசையில் நின்றிருந்த 62 வயது அம்மையார் ஒருவர் மயங்கிச் சரிந்தார். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். நீண்ட காலமாகச் சர்க்கரை நோயும் உண்டு. முந்தைய இரவு 8 மணிக்கு இரண்டு இட்லி உண்டிருக்கிறார். விடியற்காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டு, எதுவும் உண்ணாமல் பேருந்து ஏறி வந்திருக்கிறார். வரிசையில் அவரது முறை வருவதற்குள் மணி 9 ஆகிவிட்டது. விரல் நுனியில் பார்த்தபோது சர்க்கரை 48. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். அவரிடம் இருந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். ‘வெறும் வயிற்றுடன் வரவும்’ என்றிருந்தது. இன்சுலினை என்ன செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. பிழை அவருடையதன்று, எங்களுடையது.

ஒரு நாளில் இரத்தக் கொழுப்பு எப்படி மாறுகிறது

உணவிலுள்ள கொழுப்பு குடலில் செரிக்கப்பட்டு, நுண்ணிய கொழுப்புத் துகள்களாக இரத்தத்தில் கலக்கிறது. இத்துகள்களில் மிகுந்திருப்பது டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு வகை. உணவு உண்ட 3 அல்லது 4 மணி நேரத்தில் இதன் அளவு உச்சத்தை எட்டி, பின்னர் மெல்லக் குறைந்து, பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. காலை 8 மணிக்குச் சிற்றுண்டி, 1 மணிக்கு மதிய உணவு, 4 மணிக்குத் தேநீரும் வடையும், இரவு 9 மணிக்குச் சாப்பாடு என்று வாழும் ஒருவரின் இரத்தம் உண்மையில் எப்போது வெறும் வயிற்று நிலையில் இருக்கிறது? விடிவதற்கு முந்தைய சில மணி நேரம் மட்டுமே. எஞ்சிய பொழுதெல்லாம் இரத்தக் குழாய்களின் உட்சுவர் உணவுக்குப் பிந்தைய இரத்தத்தையே எதிர்கொள்கிறது. அந்த நிலையில் எடுக்கும் அளவே உண்மை வாழ்வுக்கு நெருக்கமானது என்னும் வாதத்தில் வலு உண்டு.

சாப்பிட்டபின் அளவுகள் தாறுமாறாக ஏறிவிடாதா என்ற ஐயம் இயல்பானதே. வழக்கமான உணவுக்குப் பிந்தைய 6 மணி நேரத்துக்குள் டிரைகிளிசரைடு சராசரியாக டெசிலிட்டருக்கு 26 மி.கி. மட்டுமே உயர்கிறது என்று பெரும் மக்கள்தொகை ஆய்வுகளைத் தொகுத்து அந்த 2016 அறிக்கை கூறுகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். உயர்வதில்லை, சற்றே, ஏறத்தாழ 8 மி.கி. அளவுக்குக் குறைந்து காணப்படுகிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். மாறுவதில்லை. ‘நேற்று இரவு பிரியாணி சாப்பிட்டேன், அதனால்தான் கொலஸ்டிரால் ஏறிவிட்டது’ என்று புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். டிரைகிளிசரைடைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். எல்.டி.எல். ஓர் இரவு உணவால் ஏறிவிடுவதில்லை.

சாப்பிட்டபின் எல்.டி.எல். சற்றுக் குறைவாகத் தெரிவதற்கு நாம் பருகும் நீர் இரத்தத்தைச் சற்று நீர்க்கச் செய்வது ஒரு காரணம். மற்றொன்று வெறும் கணக்கு. பல ஆய்வகங்கள் எல்.டி.எல். அளவை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து அதைப் பெறுகின்றன. மொத்தக் கொழுப்பு 190, நல்ல கொழுப்பு 40, டிரைகிளிசரைடு 150 எனக் கொண்டால் எல்.டி.எல். 120 என்று வரும். அதே மனிதரின் டிரைகிளிசரைடு மதிய உணவுக்குப் பின் 200 ஆக ஏறினால், கணக்கின்படி எல்.டி.எல். 110 ஆகிவிடும். அவரது உடலில் கெட்ட கொழுப்பு குறைந்துவிடவில்லை. கழிக்கப்படும் எண் மட்டுமே பெரிதாகியிருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பை மட்டும் கழித்துப் பாருங்கள். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் இரு வேளையிலும் 150 என்றே வரும். ஆய்வறிக்கையில் இது ‘நான் எச்.டி.எல்.’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அச்சிடப்படாவிட்டாலும் நீங்களே கழித்துக்கொள்ளலாம். இரத்தக் குழாயில் படியக்கூடிய கொழுப்புகள் அனைத்தையும் இந்த ஒரே எண் உள்ளடக்குகிறது. உணவு வேளை இதனைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. சர்க்கரை நோயும் இதய நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு, டிரைகிளிசரைடு மிகுந்திருப்பவர்களுக்கு, நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

உணவுக்கு அப்பாலும் ஏற்ற இறக்கம் உண்டு. ஒரே மனிதர், ஒரே மருந்து, ஒரே உணவு என்றாலும் எல்.டி.எல். நாளுக்கு நாள் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடும், டிரைகிளிசரைடு 20 விழுக்காடு அளவுக்கும் இயல்பாகவே மாறக்கூடும். இன்று எல்.டி.எல். 70 என்று வந்தவருக்கு அடுத்த வாரம் 76 என்று வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருளன்று. 64 என்று வந்தால் மருந்தைக் குறைக்கலாம் என்றும் பொருளன்று. அதேபோல் 170 ஆக இருந்த டிரைகிளிசரைடு 200 ஆனதற்காக உறக்கம் இழக்க வேண்டியதில்லை. மது அருந்துதல், காய்ச்சல், தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவற்றால் அளவுகள் இதைவிடப் பெரிதும் மாறும். அவ்வாறு ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

மாரடைப்பின்போது எடுத்த அளவு

இங்கு ஒரு பெரும் குழப்பம் நேர்கிறது. மாரடைப்பு ஏற்பட்ட ஓரிரு நாள்களில் எல்.டி.எல். அளவு தானாகவே குறையத் தொடங்கும். சில வாரங்கள் அவ்வாறே தாழ்ந்திருக்கவும் கூடும். இதனால்தான் மருத்துவமனையில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்துக்குள் கொழுப்புப் பரிசோதனை செய்ய முயல்கிறோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எடுத்த அளவு வீடு திரும்பும்போது தரப்படும் குறிப்பேட்டில் ‘92’ என்று இடம்பெறும். அருகிலுள்ள பத்தியில் ‘100க்குக் கீழ் – இயல்பு’ என்று அச்சிடப்பட்டிருக்கும். ‘கொழுப்பு நார்மல்தானே, பிறகு எதற்கு இந்த மாத்திரை?’ என்று குடும்பத்தார் கேட்பார்கள். சிலர் கேட்பதும் இல்லை; நிறுத்தியே விடுகிறார்கள். பிறகு மீண்டும் நெஞ்சு வலியோடு வரும்போதுதான் நமக்குத் தெரிய வருகிறது.

ஆய்வறிக்கையில் ‘இயல்பு அளவு’ என்று அச்சிடப்பட்டிருப்பது பொதுமக்களுக்கானது. மாரடைப்பு வந்தவருக்கானது அன்று. மாரடைப்போ, இரத்தக் குழாய் அடைப்பால் நேரும் பக்கவாதமோ வந்தவர்களை மிக அதிக அபாயம் உள்ளவர்கள் என்று 2024 நெறிமுறைகள் வகைப்படுத்துகின்றன. இவர்களுக்கு எல்.டி.எல். 55க்குக் கீழும், நான் எச்.டி.எல். 85க்குக் கீழும் இருக்க வேண்டும். அச்சிட்ட பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டு, நோயாளிக்குரிய இலக்கை நான் கையால் எழுதித் தருவது வழக்கம். உங்கள் மருத்துவரிடமும் அவ்வாறு எழுதித் தரக் கேளுங்கள்.

ஸ்டாட்டின் மாத்திரை எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் தரப்படுவதில்லை. இரத்தக் குழாயில் ஏற்கெனவே படிந்துள்ள கொழுப்புத் திட்டு வெடித்துவிடாமல் அதை உறுதிப்படுத்தவும் அது உதவுகிறது. அளவு இலக்கை எட்டியிருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். மருந்து தேவையில்லை என்பதன் அடையாளம் அன்று. நிறுத்தினால் சில வாரங்களிலேயே அளவு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இம்மாத்திரையை இரவில்தான் உட்கொள்ள வேண்டுமா என்றும் பலர் கேட்கின்றனர். கல்லீரல் கொழுப்பை மிகுதியாக உற்பத்தி செய்வது இரவில் என்பதால், விரைவில் வீரியம் இழக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்றவை இரவில் தரப்பட்டன. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவை நெடுநேரம் வேலை செய்பவை. இரவுப் பணிக்குச் செல்வோர் காலையில் எடுத்துக்கொண்டாலும் பலன் குறையாது. நாள்தோறும் மறவாத நேரமே சிறந்த நேரம்.

சர்க்கரையின் கதை வேறு

கொழுப்பு மெல்ல மாறுவது. சர்க்கரை மணிக்கு மணி மாறுவது. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை மிகுதியாகச் சுரப்பதால், கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடுகிறது. ‘இரவு இரண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன், காலையில் எப்படி 160?’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதுவே. சாப்பாட்டைக் குறைத்ததாலோ கூட்டியதாலோ மட்டும் அந்த எண் தீர்மானிக்கப்படுவதில்லை. பொங்கல், இட்லி, தோசை என மாவுச்சத்து மிகுந்த காலை உணவுக்குப் பின் 1 முதல் 2 மணி நேரத்தில் சர்க்கரை உச்சத்தைத் தொடும். பலருக்கு அந்த நாளின் மிகப் பெரிய ஏற்றம் இதுவாகவே இருக்கும். வெறும் வயிற்றில் 118 என்று வந்ததைக் கண்டு மகிழ்பவருக்குக் காலை உணவுக்குப் பின் 240 இருப்பது தெரியாமலே போகலாம்.

வீட்டில் பயன்படுத்தும் குளுக்கோமீட்டரைப் பற்றி ஒரு சொல். 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை வேறுபாடு இருப்பதைப் பன்னாட்டுத் தர நெறியே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே 140, 152 என்னும் இரண்டும் அக்கருவியைப் பொறுத்தவரை ஒன்றே. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் சோதித்து 300 என்று வந்ததைக் கண்டு அஞ்சி ஓடி வந்தவர்களும் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் சோதித்தால் இத்தொல்லை இல்லை.

மாரடைப்பு, அறுவை சிகிச்சை, கடும் தொற்று போன்ற வேளைகளில் சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அளவு ஏறும். உடலின் நெருக்கடி ஹார்மோன்களே அதற்குக் காரணம். அந்த ஓர் அளவைக் கொண்டு ஒருவரை வாழ்நாள் சர்க்கரை நோயாளி என்று முத்திரை குத்திவிட இயலாது, அலட்சியமும் கூடாது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இங்குதான் பயன்படுகிறது. இதற்கும் வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருப்பவர்களுக்கு இது பொய்யாக உயர்ந்து காட்டலாம். அண்மையில் இரத்தம் இழந்தவர்களுக்கும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கும் தாழ்ந்து காட்டலாம். அதோடு, சராசரி என்பது ஏற்ற இறக்கங்களை மறைத்துவிடும். நாள் முழுவதும் 150ஐ ஒட்டியே இருப்பவருக்கும், 50க்கும் 280க்கும் இடையே ஊசலாடுபவருக்கும் ஒரே எச்பிஏ1சி வரக்கூடும். இதயத்துக்கு இவ்விருவரும் ஒன்றல்லர்.

தாழ்சர்க்கரை: இதய நோயாளி அஞ்ச வேண்டியது

சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கும்போது உடல் அட்ரினலினைப் பெருக்குகிறது. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, பொட்டாசியம் குறையலாம், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு இது பெரும் சுமை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் நடத்தப்பட்ட ‘அக்கார்டு’ ஆய்வில், இதய அபாயம் மிகுந்த சர்க்கரை நோயாளிகளின் எச்பிஏ1சி அளவை 6க்குக் கீழ் கொண்டுவரத் தீவிரமாக முயன்ற பிரிவில் இறப்புகள் அதிகரித்தன; 2008 பிப்ரவரியில் அப்பிரிவின் தீவிர சிகிச்சை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் காரணங்கள் குறித்த விவாதம் இன்றும் முடியவில்லை. எனினும், முதியவர்களுக்கும் பல்லாண்டு நோயுள்ள இதய நோயாளிகளுக்கும் சர்க்கரை இலக்கைச் சற்றுத் தளர்த்தும் வழக்கம் அதன்பின் உறுதிப்பட்டது. உங்கள் தந்தைக்கு எச்பிஏ1சி 7.6 இருந்தும் மருத்துவர் மருந்தைக் கூட்டவில்லை என்றால், அது கவனக்குறைவாக இருக்க வேண்டியதில்லை.

இதய நோயாளிகளுக்குப் பரவலாகத் தரப்படும் மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள், தாழ்சர்க்கரையின் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமின்றிச் சட்டை நனையுமளவு வியர்த்தால், பேச்சு குழறினால், முன்கோபம் திடீரெனத் தலைகாட்டினால், வீட்டார் உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 70க்குக் கீழ் இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மாரடைப்பிலும் வியர்க்கும் என்பதை மறக்க வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, மூச்சுத் திணறல் ஏதேனும் சேர்ந்திருந்தால் சோதனைக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழங்குவதற்காக ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 ஜூன் முதல் தமிழ்நாட்டில் செயல்பட்டு வருகிறது.

பரிசோதனை நாளன்று

கொழுப்புப் பரிசோதனை மட்டும் என்றால் வழக்கமான உணவை உண்டு, வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொண்டு வரலாம். ‘வழக்கமான’ என்பது முக்கியம். விருந்துச் சாப்பாட்டுக்கு மறுநாள் வேண்டாம். கடைசியாக உண்ட நேரத்தைச் சீட்டின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். முன்பு வெறும் வயிற்றில் எடுத்த அறிக்கையோடு ஒப்பிட மருத்துவருக்கு அது உதவும்.

வெறும் வயிறு இன்னமும் தேவைப்படும் சில நிலைகள் உள்ளன. உணவு உண்ட நிலையில் டிரைகிளிசரைடு 400க்கு மேல் வந்தால், மறுமுறை வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். டிரைகிளிசரைடு மிகுதியால் கணைய அழற்சி வந்தவர்களுக்கும் அவ்வாறே. வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்ப்பதற்கு 8 மணி நேரம் போதும். 12 மணி நேரம் தேவையில்லை. நீர் தாராளமாகப் பருகலாம். நீரும் பருகாமல் வருவோரை இன்றும் காண்கிறேன். நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்துவதுதான் அதன் பலன்.

அப்படி வெறும் வயிற்றுடன் வர வேண்டிய நாளில், இன்சுலினையும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளையும் வீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கையோடு கொண்டுவந்து, இரத்தம் கொடுத்தபின் உணவுடன் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை இரவில் போட்டுக்கொள்பவர்கள் முந்தைய நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. டபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து உட்கொள்பவர்களுக்கு நீண்ட பட்டினி வேறு வகையில் தீங்கானது. அவர்களும் கேட்க வேண்டும். இரத்த அழுத்த மருந்துகளையும் இதய மருந்துகளையும் பெரும்பாலும் நீருடன் வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதந்தோறும் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் உங்கள் பரிசோதனை நாளைக் கூறினால், இவற்றை நினைவூட்டுவதற்கும் அவரை நாடலாம்.

வரிசையில் மயங்கிய அம்மையாரிடம் மூன்று வாரம் கழித்து, காலை உணவும் இன்சுலினும் எடுத்துக்கொண்டு 10 மணிக்குமேல் வரச் சொன்னேன். மொத்தக் கொழுப்பு 148, நல்ல கொழுப்பு 41, டிரைகிளிசரைடு 212. அச்சிட்ட பத்தியின்படி டிரைகிளிசரைடு ஒன்றைத் தவிர எல்லாம் ‘இயல்பு’. அவருடைய மகனும் அப்படித்தான் சொன்னார். 148இலிருந்து 41ஐக் கழிக்கச் சொன்னேன். 107 என்றார். அம்மையாருக்குரிய இலக்கு 85. அட்டோர்வாஸ்டாட்டினுடன் எசெடிமைப் மாத்திரையைச் சேர்த்து, ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு நாள் குறித்தேன். சீட்டில் இம்முறை ‘சாப்பிட்டுவிட்டு வரவும்’ என்று எழுதியதை அவர் இருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்துக்கொண்டார்.